ஒரே கப்பல்... ஒரே மாதிரி அறை... கட்டணம் மட்டும் வேறு!

முதலில் ஒரு புதிர் சொல்கிறேன். விடை தெரிகிறதா, பாருங்கள்.

அமெரிக்காவின் மயாமி துறைமுகத்திலிருந்து ஓர் உல்லாசக் கப்பல் புறப்படுகிறது. ஏழு இரவுப் பயணம். கப்பலின் ஒரு தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். இரண்டும் ஒரே அளவு. இரண்டிலும் ஒரே மாதிரிக் கட்டில்கள், ஒரே மாதிரி பால்கனி. இரண்டு குடும்பங்களும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடப் போகின்றன. ஒரே நீச்சல் குளத்தில்தான் குதிக்கப் போகின்றன. ஆனால், ஒரு குடும்பம் கொடுத்த கட்டணம் அடுத்த அறைக் குடும்பம் கொடுத்ததைவிட மிக அதிகம். சில சமயம் இது இரண்டு மடங்கைக்கூடத் தொட்டுவிடும்!

இத்தனைக்கும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கட்டணப் பட்டியலில் அச்சுப்பிழையும் இல்லை. பிறகு ஏன் இந்த வேறுபாடு? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்!

கடலில் மிதக்கும் ஊர்

உல்லாசக் கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேருவதற்கான கப்பல் அல்ல. ஊர் சுற்றுவதற்கும், ஓய்வெடுப்பதற்கும், விளையாடுவதற்கும் ஆன கப்பல். பெரும்பாலும் கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வந்துவிடும். அறை, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் கப்பலிலேயே உண்டு.

'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற கப்பலை எடுத்துக்கொள்வோம். ராயல் கரீபியன் நிறுவனத்துக்குச் சொந்தமான இது, 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஒன்று. நீளம் சுமார் 365 மீட்டர். அதாவது, மூன்று கால்பந்து மைதானங்களை வரிசையாக வைத்தாலும் இதன் நீளத்தை எட்டாது. மொத்தம் 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள், 2,805 அறைகள். வேலை செய்பவர்கள் மட்டும் சுமார் 2,350 பேர்!

இத்தனை அறைகளையும் ஒவ்வொரு வாரமும் நிரப்பியாக வேண்டும். ஒரு வாரம் முடிந்து பயணிகள் இறங்கிய அன்றே அடுத்த கூட்டம் ஏறும். இங்கேதான் கப்பல்காரரின் கவலை தொடங்குகிறது.

கீரைக்கட்டும் கப்பல் அறையும்

சந்தையில் கீரை விற்கும் அம்மாவைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் பேரம் பேசினால் விலையைக் குறைக்கவே மாட்டார். மாலை மங்கியதும் அவரே கூப்பிட்டு, "இரண்டு கட்டாக எடுத்துக்கோ, பாதி விலைக்குத் தருகிறேன்" என்பார். கீரை அதேதான். மாறியது நேரம். இரவு கடந்தால் கீரை வாடிவிடும், பிறகு காசு பெயராது என்பது அவருக்குத் தெரியும்.

அரிசிக் கடைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. இன்று விற்காத மூட்டையை அடுத்த மாதமும் விற்றுக்கொள்ளலாம்.

கப்பல் அறை கீரை வகையா, அரிசி வகையா? நன்றாக யோசியுங்கள். இரும்பாலான அறை வாடுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால், அது கீரையைவிட வேகமாக வாடக்கூடியது! சனிக்கிழமை மாலை கப்பல் கரையை விட்டு நகர்ந்த நொடியில், காலியாக இருக்கும் அறையின் அந்த வாரத்து மதிப்பு பூஜ்யம். அடுத்த வாரம் அந்த அறையை விற்கலாம். கடந்துபோன வாரத்தை யாருக்கும் விற்க முடியாது. கப்பல்காரர் உண்மையில் விற்பது அறையை அல்ல, அறையில் தங்கும் நாள்களை!

விமான இருக்கை, ரயில் படுக்கை, திரையரங்க நாற்காலி எல்லாமே இந்தக் கீரை வகைதான்.

பத்து அறைக் கப்பல்

இப்போது நாமே ஒரு கப்பலுக்குச் சொந்தக்காரர் ஆவோம். கற்பனைக் கப்பல்தான். பெயர் 'கடல்குருவி'. மொத்தம் பத்தே அறைகள்.

ஓர் அறைக்கு 30,000 ரூபாய் என்று ஒரே கட்டணம் வைத்தோம். அவ்வளவு கொடுக்கக்கூடியவர்கள் ஐந்து பேர்தான் வந்தார்கள். வருமானம் 1,50,000 ரூபாய். ஐந்து அறைகள் காலி.

சரி, 15,000 ரூபாய் என்று குறைத்தோம். பத்து அறைகளும் நிரம்பின. வருமானம் அதே 1,50,000 ரூபாய்தான். 30,000 கொடுக்கத் தயாராக இருந்தவர்களும் 15,000 மட்டுமே கொடுத்தார்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பல மாதம் முன்னதாக வருபவர்களுக்கு நான்கு அறைகளை 15,000 ரூபாய்க்குக் கொடுப்போம். அவை தீர்ந்ததும் அடுத்த நான்கு அறைகளுக்கு 22,000 ரூபாய். கடைசி இரண்டு அறைகள் 30,000 ரூபாய். கூட்டிப் பாருங்கள்: 60,000 + 88,000 + 60,000 = 2,08,000 ரூபாய்! கப்பலும் நிரம்பியது, வருமானமும் கூடியது.

உண்மையான கப்பல்களும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கின்றன. அறைகள் விற்க விற்கக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள். விற்பனை மந்தமானால் இறக்குகிறார்கள். பயணத்துக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். அன்று முதல் புறப்படும் நாள் வரை கட்டணம் ஏறலாம், இறங்கலாம்.

புறப்பட இரண்டு வாரமே இருக்கிறது. ஓர் அறை விற்கவில்லை என்று வையுங்கள். ஒரு பயணி கூடுதலாக ஏறினால் சாப்பாட்டுக்கும் சலவைக்கும் ஆகும் செலவு கொஞ்சம்தான். கப்பல் எப்படியும் போகத்தான் போகிறது. எரிபொருள் எப்படியும் எரியத்தான் போகிறது. ஆகவே, 10,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும் லாபமே. அதுமட்டுமல்ல, ஏறியவர் உள்ளே சும்மா இருப்பாரா? குளிர்பானம், புகைப்படம், இணைய வசதி, கரையில் ஊர் சுற்றிப் பார்க்கும் பயணம் என்று செலவு செய்வார். பெரிய கப்பல் நிறுவனங்களின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. கடைசி நேரத் தள்ளுபடியின் ரகசியம் இதுவே.

இந்த வித்தை எங்கிருந்து வந்தது?

ஆகாயத்திலிருந்து! ஆமாம், விமான நிறுவனங்களிடமிருந்து வந்தது.

பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் கென்னத் லிட்டில்வுட் என்பவர் பணியாற்றினார். 1972-ல் அவர் ஓர் எளிய விதியைச் சொன்னார். அதை நம் கடல்குருவியில் வைத்துப் பார்ப்போம். இப்போதே 15,000 ரூபாய் தர ஒருவர் நிற்கிறார். காத்திருந்தால் 30,000 ரூபாய் தருபவர் வரலாம், வராமலும் போகலாம். என்ன செய்வது? அப்படி ஒருவர் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால் காத்திரு. பாதிக்குக் கீழே என்றால் இப்போதே கொடுத்துவிடு! இவ்வளவுதான் விதி. கணக்குப் பாடத்தில் 'நிகழ்தகவு' எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1980-களில் அமெரிக்காவில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்றொரு விமான நிறுவனம் மிகக் குறைந்த கட்டணத்தில் பறந்து பெரிய நிறுவனங்களை மிரட்டியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ராபர்ட் கிராண்டால் 1985 ஜனவரியில் எதிர் ஆட்டம் ஆடினார். எல்லா இருக்கைகளையும் அவர் மலிவாக்கவில்லை. காலியாகப் போகும் என்று கணினி கணித்த இருக்கைகளை மட்டும், பல நாள் முன்னதாகப் பதிவு செய்பவர்களுக்கு மிக மலிவாகக் கொடுத்தார். அவசரமாகப் போகும் வணிகர்களிடம் பழைய கட்டணத்தையே வாங்கினார். போட்டியைத் தாங்க முடியாமல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் 1986-ல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஒரு விமானம்கூட மோதவில்லை, ஒரு கணக்கு முறைதான் மோதியது!

பிறகு இந்த முறை விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் பரவியது. நம் நாட்டு ரயிலுக்கும் வந்தது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இது அறிமுகமானது. ஒவ்வொரு 10 சதவீத இடம் நிரம்பும்போதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். தொடக்கத்தில் அதிகபட்சம் ஒன்றரை மடங்கு வரை போனது.

பள்ளி மணி அடித்தால் கட்டணம் ஏறும்!

கப்பல் கட்டணத்தை ஏற்றி இறக்குபவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான்!

அமெரிக்காவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோடை விடுமுறை. மார்ச், ஏப்ரலில் ஒரு வாரம் வசந்த கால விடுமுறை. நவம்பர் கடைசியில் நன்றி அறிவிப்பு நாள். பிறகு கிறிஸ்துமஸ், புத்தாண்டு. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டால்தான் குடும்பங்கள் கிளம்ப முடியும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை, எல்லாருக்கும் அதே கப்பல் வேண்டும். ஆனால், கப்பலில் அறைகள் கூடுவதில்லையே! ஆகவே கட்டணம் கூடுகிறது.

செப்டம்பரில் பள்ளிகள் முழு வீச்சில் நடக்கும். கப்பலில் கூட்டம் குறையும்; கட்டணமும் இறங்கும். டிசம்பர் முதல் இரண்டு வாரங்களும், புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்களும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்சத்தில் இருக்கும் அதே அறை, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னால் மிக மலிவாக இருக்கும். கடல் அதே நீலம்தான், அலை அதே அலைதான்!

புயலும் பனியும்

பருவநிலைக்கும் இதில் பங்கு உண்டு. மயாமிக் கப்பல்கள் செல்லும் கரீபியன் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். செப்டம்பர்தான் அதன் உச்சம். பள்ளியும் திறந்தாயிற்று, புயல் பயமும் சேர்ந்தாயிற்று. கட்டணம் இறங்கக் கேட்பானேன்?

புயலில் கப்பல் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். செயற்கைக்கோள்கள் பல நாள் முன்னதாகவே எச்சரிக்கின்றன. கப்பல்கள் வழியை மாற்றி ஒதுங்கிவிடும். ஆனால், நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட தீவுக்குப் பதில் வேறொரு தீவில் இறங்க நேரலாம். சில சமயம் பயணம் ஒரு நாள் தள்ளியும் போகலாம். மலிவுக்குப் பின்னால் இருக்கும் விலை அதுதான்.

வடக்கே அலாஸ்காவைப் பாருங்கள். பனிப்பாறைகளும் திமிங்கிலங்களும் நிறைந்த அந்தக் கரைக்குக் கப்பல்கள் பெரும்பாலும் ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரைதான் செல்லும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். மே மாதத்திலும் செப்டம்பரிலும் குறையும். மே மாதத்தில் குளிர் கொஞ்சம் கூடுதல். ஆனால், மழை குறைவு, மலைகளில் பனி மிச்சம் இருக்கும். செப்டம்பரில் மழை அதிகம். ஆனால், அதிர்ஷ்டம் இருந்தால் இரவில் வானத்தில் வடமுனை ஒளி தெரியும். மலிவான மாதம் மோசமான மாதம் என்று நினைத்துவிடக் கூடாது.

கப்பல் இடம் பெயரும் காலம்

பறவைகள் பருவம் பார்த்து இடம் பெயர்வது உங்களுக்குத் தெரியும். கப்பல்களும் அப்படித்தான். குளிர்காலம் முழுவதும் கரீபியனில் சுற்றும் கப்பல்கள் சில, ஏப்ரல், மே மாதங்களில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து ஐரோப்பாவுக்குப் போகின்றன. இலையுதிர் காலத்தில் திரும்பி வருகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரப் பயணம். நடுவில் பல நாள்கள் கண்ணில் கரையே படாது.

இந்தக் கப்பல் காலியாகப் போனாலும் போய்த்தான் ஆக வேண்டும். எனவே, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் இதுவே மிக மலிவு. ஓய்வு பெற்றவர்கள் இதை விரும்பி எடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் வாய்ப்பில்லை. இரண்டு வாரம் லீவு எந்தத் தலைமை ஆசிரியர் கொடுப்பார்?

எப்போது முன்பதிவு செய்வது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். "முந்திக்கொள்வதா? கடைசி வரை காத்திருப்பதா?" எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்குக் கிடையாது. அது உங்களைப் பொறுத்தது.

முந்திக்கொள்ள வேண்டியவர்கள்: பள்ளி விடுமுறையில் மட்டுமே போகக்கூடிய குடும்பங்கள், நான்கு பேர் ஒரே அறையில் தங்க வேண்டியவர்கள், பால்கனி அறையோ பெரிய சொகுசு அறையோதான் வேண்டும் என்பவர்கள். நான்கு பேர் தங்கும் அறைகள் ஒரு கப்பலில் குறைவாகவே இருக்கும். அவை முதலில் தீர்ந்துபோகும். இவர்கள் ஒன்பது மாதமோ ஓராண்டோ முன்னதாகவே பதிவு செய்வது நல்லது.

காத்திருக்கக்கூடியவர்கள்: துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வசிப்பவர்கள், எந்த வாரமானாலும் கிளம்பக்கூடியவர்கள், எந்த அறை கிடைத்தாலும் சரி என்பவர்கள். ஓய்வு பெற்ற கணவன் மனைவிக்கு இது பொருந்தும்.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் மார்ச் வரை அமெரிக்கக் கப்பல் நிறுவனங்கள் போட்டி போட்டுச் சலுகைகளை அறிவிக்கும். இதை 'அலைக் காலம்' என்பார்கள். கடல் அலை அல்ல, முன்பதிவு அலை! குளிரில் நடுங்கியபடி வீட்டில் இருப்பவர்கள் வெயில் அடிக்கும் தீவுகளைப் பற்றிக் கனவு காணும் நேரம் அது. விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு தேதியும் முக்கியம். முன்பதிவின்போது முன்பணம் மட்டும் கட்டினால் போதும். முழுப் பணத்தையும் கட்டி முடிக்க ஒரு கடைசி நாள் உண்டு. ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் புறப்படுவதற்குச் சுமார் 90 நாள்களுக்கு முன்பு அந்த நாள் வரும். அதற்கு முன் கட்டணம் இறங்கினால், அமெரிக்காவில் பல நிறுவனங்கள், கேட்டால் புதிய கட்டணத்துக்கு மாற்றித் தரும். கவனியுங்கள், கேட்டால்தான்! அந்த நாள் தாண்டிப் பயணத்தை ரத்து செய்தால் பணத்தில் ஒரு பகுதி போய்விடும். புறப்படும் நாள் நெருங்க நெருங்க முழுவதும் போய்விடும். திரும்பக் கிடைக்காத முன்பணத் திட்டங்களும் உண்டு. அந்த நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பொடி எழுத்தைப் படிக்காமல் ஒருநாளும் பணம் கட்டக் கூடாது.

அந்தக் கடைசி நாளை ஒட்டி, மனம் மாறியவர்கள் விட்டுப்போகும் அறைகள் மீண்டும் விற்பனைக்கு வரும். காத்திருப்பவர்களுக்கு அதுதான் கண் வைக்க வேண்டிய நேரம்.

நம் நாட்டிலிருந்து மயாமிக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசாவுக்கு நாள் ஆகும். கடைசி நேர விமானக் கட்டணம் விண்ணை முட்டும். கப்பலில் மிச்சம் பிடித்ததை விமானம் விழுங்கிவிடும். தொலைவிலிருந்து போகிறவர்களுக்குக் காத்திருக்கும் ஆட்டம் சரிப்படாது.

யார் முதலில் கண் சிமிட்டுவது?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடைசியில் விலை குறையும் என்று எல்லாரும் தெரிந்துகொண்டு காத்திருந்தால் என்ன ஆகும்? முன்னதாக யாருமே வாங்க மாட்டார்கள்! மாலையில் கீரை பாதி விலை என்பது ஊருக்கே தெரிந்தால் காலைச் சந்தை வெறிச்சோடிவிடும் அல்லவா?

இந்த ஆபத்தை ராயல் கரீபியன் நிறுவனம் உணர்ந்தது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் ஃபெயின். 2015-ல் அந்த நிறுவனம், வட அமெரிக்காவில் கடைசி நேரத்தில் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைக்க மாட்டோம், சில அறைகள் காலியாகப் போனாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தது. இன்று வரும் பணத்தை இழந்தாலும், 'முன்னதாக வாங்கியவர் ஏமாளி அல்ல' என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அதன் நோக்கம். அன்று முதல், காத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும் என்பது முன்போல் உறுதி இல்லை.

அறைகள் உண்மையிலேயே காலியானால் என்ன ஆகும் என்பதை 2020-ல் உலகம் பார்த்தது. கொரோனா பரவியதால் அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க அரசு உல்லாசக் கப்பல்களை நிறுத்தியது. ஓராண்டுக்கு மேல் அந்தக் கப்பல்கள் பயணிகள் இல்லாமல் நின்றன. நிறுவனங்கள் பெருங்கடனில் மூழ்கின. ஓடிக்கொண்டிருந்த பழைய கப்பல்கள் சில, துருக்கியின் அலியாகா கரையில் உடைக்கப்பட்டன. 2021 ஜூனில்தான் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து பெரிய கப்பல்கள் மீண்டும் பயணிகளோடு கிளம்பத் தொடங்கின. பிறகு மக்கள் பெருங்கூட்டமாகத் திரும்பி வந்தார்கள், கட்டணமும் ஏறியது.

விளம்பரத்தில் தெரியாத செலவுகள்

'ஏழு இரவு, 500 டாலர் மட்டுமே' என்று ஒரு விளம்பரம் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். பென்சிலை எடுங்கள்.

அந்தக் கட்டணம் பெரும்பாலும் ஒரு நபருக்கு. அதுவும் அறையில் இருவர் தங்கினால்! தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் ஏறக்குறைய இருவர் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது நபருக்குக் கட்டணம் பெரும்பாலும் குறையும். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. ஊழியர்களுக்கான அன்பளிப்பை, அதாவது டிப்ஸை, நாள் கணக்கில் சேர்ப்பார்கள்.

இதோ ஒரு மாதிரிக் கணக்கு. இருவருக்குக் கட்டணம் 1,000 டாலர். வரியும் துறைமுகக் கட்டணமும் தலைக்கு 140 டாலர் என்றால் 280. டிப்ஸ் தலைக்கு நாளொன்றுக்கு 18 டாலர் என்றால், 18 x 7 x 2 = 252. ஆக மொத்தம் 1,532 டாலர். விளம்பரத்தில் பார்த்த தொகையைவிடப் பாதிக்கு மேல் கூடிவிட்டது!

இந்தத் தொல்லையைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் அங்கே கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விளம்பரத்தில் விலை சொல்ல வேண்டும். அதன் பிறகு கப்பல் நிறுவனங்கள் சில, துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்டத் தொடங்கின.

இது நியாயமா?

வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தினால் யாராவது ஒரு மாணவி எழுந்து, "ஒரே அறைக்கு இரண்டு விலை வாங்குவது நியாயமா, சார்?" என்று கட்டாயம் கேட்பாள். நல்ல கேள்விதான்.

ஒரு பக்கம் பார்த்தால், மலிவான அறைகள் இருப்பதால்தான் சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் கப்பலில் ஏற முடிகிறது. எல்லா அறைக்கும் ஒரே உயர்ந்த விலை என்றால் அவர்கள் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். இன்னொரு பக்கம் பார்த்தால், பள்ளி விடுமுறையை மாற்ற முடியாத ஒரு குடும்பம், வேறு வழியில்லாததால் அதிகம் கொடுக்கிறது. ஓர் ஆண்டுச் சேமிப்பை ஒரே வாரத்தில் வைக்கும் அப்பா அம்மாவுக்கு அது சிறிய தொகை அல்ல. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. வீட்டில் பேசிப் பார்த்து நீங்களே முடிவுக்கு வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். விலைச்சீட்டில் இருப்பது அந்த அறையின் தரம் அல்ல. அன்றைக்கு அந்த அறையை எத்தனை பேர் விரும்புகிறார்கள், இன்னும் எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 'இன்னும் 2 அறைகளே பாக்கி!' என்று விளம்பரம் அவசரப்படுத்தும்போது அவசரப்படாமல், 'எனக்கு எது வேண்டும், எப்போது வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும்?' என்று மூன்று கேள்வி கேட்பவர் ஏமாற மாட்டார். கப்பலுக்கு மட்டுமல்ல, பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பேருந்துக்கும் இது பொருந்தும்.

போட்டுப் பாருங்கள்!

1. 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் அறைக்கு இருவர் வீதம் ஏறினால் மொத்தம் எத்தனை பயணிகள்?

2. கப்பல் கணக்கில் அறைக்கு இருவர் என்பதுதான் 100 சதவீதம். ஒரு வாரம் அந்தக் கப்பலில் 6,171 பேர் ஏறியதாக வைத்துக்கொள்வோம். எத்தனை சதவீதம் நிரம்பியது? 100-ஐத் தாண்டுகிறதே, எப்படி?

3. கடல்குருவியில் ஓர் அறை பாக்கி. இப்போது 20,000 ரூபாய் தர ஒருவர் தயார். பிறகு 30,000 ரூபாய் தருபவர் வர நூற்றுக்கு 60 வாய்ப்பு. லிட்டில்வுட் விதிப்படி விற்கலாமா, காத்திருக்கலாமா?

விடைகள்: 1) 5,610 பேர். 2) 110 சதவீதம். சில அறைகளில் அப்பா அம்மாவோடு குழந்தைகளும் தங்குவதால்! 3) 30,000-ல் நூற்றுக்கு 60 என்றால் 18,000. கையில் கிடைக்கும் 20,000 அதைவிடப் பெரிது. உடனே விற்றுவிடலாம்.